தாடை மூட்டு வலிக்கு ஸ்பிளின்ட்: செய்து வாங்குவது முதல் கழற்றி வைப்பது வரை

கொட்டாவி விடும்போது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம், காலையில் எழுந்ததும் கன்னத்தில் ஓர் இறுக்கம், முறுக்கைக் கடித்தால் நெற்றிப்பொட்டு வரை ஏறும் வலி என்று பல் மருத்துவரிடம் போகிறவர்களின் காதில் ‘நைட் கார்டு’ அல்லது ‘ஸ்பிளின்ட்’ என்ற சொல் விரைவிலேயே விழுந்துவிடுகிறது. பற்களின் மேல் பொருத்திக்கொண்டு உறங்குவதற்கான பிளாஸ்டிக் தகடு அது. சிலருக்கு அது சில வாரங்களில் நல்ல நிம்மதியைத் தருகிறது. சிலருக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை. பொருந்தாத வகையை யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் மாதக்கணக்கில் அணிந்தவர்களுக்கு மேல், கீழ்ப் பற்கள் சேரும் அமைப்பே மாறிப்போவதும் உண்டு. ஆகவே அதைச் செய்து வாங்குவதற்கு முன் எதை விலக்கிக்கொள்ள வேண்டும், எந்த வகையைக் கேட்க வேண்டும், பொருத்தும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது கழற்றி வைக்க வேண்டும் என்பவற்றை நோயாளியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வலி எங்கிருந்து வருகிறது

இரண்டு காதுத் துளைகளுக்கும் சற்று முன்னால் விரல்களை வைத்து வாயை மெல்லத் திறந்தால், தோலுக்கடியில் ஓர் எலும்புக் குமிழ் அசைவது தெரியும். அது கீழ்த்தாடை எலும்பின் மேல் முனை. தலையோட்டின் பக்க எலும்பில் உள்ள ஒரு குழிக்குள் அது அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நார்த்திசுவாலான மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. வாய் திறக்கத் தொடங்கும்போது இந்தக் குமிழ் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. இன்னும் அகலத் திறக்கும்போது வட்டையும் கூட்டிக்கொண்டு முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. வட்டு தன் இடத்தை விட்டு முன்னால் நழுவியிருந்தால், குமிழ் அதன் மேல் ஏறும் கணத்தில் சத்தம் கேட்கிறது. ஏற முடியாமல் வட்டுக்குப் பின்னாலேயே தடைபட்டு நின்றுவிட்டால் சத்தம் மறைந்து, வாயும் ஓரளவுக்கு மேல் திறக்க மறுக்கிறது. நேற்று வரை கேட்ட சத்தம் இன்று நின்றுபோய், கூடவே வாயும் திறக்கவில்லை என்றால் அதைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளாமல், பூட்டிக்கொண்ட மூட்டு என்று கருதி விரைவில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலியோ தடையோ இல்லாத வெறும் சத்தத்துக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. நலமாக இருக்கும் பலருடைய தாடையும் இப்படிச் சத்தம் எழுப்புகிறது. அதை நிறுத்துவதற்காகவே ஸ்பிளின்ட் செய்துகொள்வது பண விரயம் என்பதே என் கருத்து.

வலியோடு வருகிறவர்களில் மிகப் பலருக்குச் சிக்கல் மூட்டுக்குள் இருப்பதைவிடத் தசைகளில்தான் இருக்கிறது. பற்களை ஒருமுறை இறுகக் கடித்தால் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் புடைத்து எழும் தசைகளே அவை. மேல், கீழ்ப் பற்கள் தொட வேண்டிய நேரம் உணவை மெல்லும்போதும் எச்சில் விழுங்கும்போதும் மட்டும்தான்; மற்ற நேரங்களில் அவற்றுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. கணினித் திரையைப் பார்த்தபடி, வண்டி ஓட்டியபடி, காய் நறுக்கியபடி பற்களைக் கடித்தே வைத்திருப்பவர்களுக்கும், தூக்கத்தில் நறநறவென்று அரைப்பவர்களுக்கும் இந்தத் தசைகள் ஓய்வின்றி உழைத்து நோகத் தொடங்குகின்றன.

காதுக்கு மிக அருகில் வலி எழுவதால் பலர் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமே போகிறார்கள். இந்தக் கோளாறைப் பரவலாக அறியச் செய்தவரும் அத்துறையைச் சேர்ந்தவர்தான்: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய ஜேம்ஸ் காஸ்டன் 1934-இல் காதுத் தொல்லைகளையும் தாடை மூட்டையும் இணைத்து எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்ததால் தாடை பின்னால் அழுந்துவதே காரணம் என்ற அவருடைய விளக்கம் பிற்காலத்தில் நிற்கவில்லை. ஆனாலும் பற்கள் சேரும் அமைப்பைத் திருத்தினால் மூட்டு வலி போய்விடும் என்ற நம்பிக்கை அதற்குப் பின் பல பத்தாண்டுகள் நீடித்தது. இன்றும் சில மருத்துவமனைகளில் அதன் எச்சத்தைக் காணலாம்.

ஸ்பிளின்ட் என்று முடிவெடுப்பதற்கு முன்

கண்ணாடி முன் நின்று, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும்படி, மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். பெரியவர்களின் வாய் பொதுவாக 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும். மூன்று விரல்கள் நுழைந்தால் ஏறத்தாழ அந்த அளவு இருப்பதாகக் கொள்ளலாம். இரண்டு விரல்களே நுழையத் திணறினால் ஏன் என்று கண்டறிந்த பிறகே வேறு எதையும் யோசிக்க வேண்டும். திறக்கும்போது தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறதா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

நம் ஊரில் வாய் திறக்க முடியாமல் போவதற்கு மூட்டோடு தொடர்பே இல்லாத ஒரு காரணம் பரவலாக இருக்கிறது. பாக்கு, பான் மசாலா, குட்கா ஆகியவற்றை மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறச் சதை வெளிறி, நார் கட்டி, விறைத்துப்போகும் நோய் அது. காரமான குழம்பைச் சாப்பிட்டால் வாயெல்லாம் எரிவதும், கன்னத்தின் உள்ளே விரல் வைத்தால் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படுவதும் அதன் அடையாளங்கள். அந்த நோய்க்கு ஸ்பிளின்டால் எந்தப் பயனும் இல்லை. அது புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ள நோய் என்பதால் பாக்கை அன்றே விட்டுவிட்டு வாய் நோய் மருத்துவரின் தொடர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

முளைக்க இடமில்லாத ஞானப்பல்லைச் சுற்றி ஏற்படும் வீக்கமும் தாடையைப் பூட்டிவிடும். மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடையில் எழுந்து, நின்றால் அடங்கும் வலி இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். வியர்வையும் மூச்சு வாங்குதலும் நெஞ்சில் அழுத்தமும் சேர்ந்தால் பல் மருத்துவரைத் தேடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி, தலை வாரும்போது உச்சந்தலையில் நோவு, மெல்லத் தொடங்கிய சிறிது நேரத்தில் தாடை அசந்துபோதல் ஆகியவை வந்தால், தலையின் இரத்தக் குழாய் அழற்சி பார்வையைப் பறித்துவிடக்கூடும் என்பதால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகத்தில் மின்சாரம் பாய்ந்தது போல் நொடிப்பொழுது வெட்டும் வலி, உதட்டிலோ தாடையிலோ மரத்துப்போதல், நாளுக்கு நாள் வளரும் வீக்கம், காய்ச்சல் ஆகிய எதையும் ‘மூட்டு வலிதான்’ என்று தள்ளிவைக்கக் கூடாது. வாய் அகலத் திறந்த நிலையில் மூட முடியாமல் சிக்கிக்கொண்டால் மூட்டு விலகியிருக்கிறது. வீட்டில் யாரும் அழுத்தித் தள்ளாமல் மருத்துவமனைக்குப் போவதே சரி.

இவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, நான்கு முதல் ஆறு வாரங்களைத் தாடைக்கு ஓய்வு தருவதற்கென்று ஒதுக்குங்கள். தாடை மூட்டு வலியில் கணிசமான பகுதி இந்தக் காலத்திலேயே தணிந்துவிடுகிறது. பிறகு ஸ்பிளின்ட் தேவைப்பட்டாலும் இந்தப் பழக்கங்கள் தொடர வேண்டியவைதான். முதலில் நாக்கின் இருப்பிடத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். ‘நான்’ என்று சொல்லி, கடைசி எழுத்திலேயே நிறுத்திக்கொண்டால், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் ஒட்டி நிற்கும். நாக்கை அங்கேயே விட்டு, உதடுகளை மூடி, பற்கள் தொடாமல் தாடையைத் தளர விடுங்கள். இதுவே தாடையின் ஓய்வு நிலை. கைப்பேசியின் மூலையிலும் கணினித் திரையின் ஓரத்திலும் சிறிய வண்ண ஒட்டிகளை ஒட்டிவைத்து, அவை கண்ணில் படும்போதெல்லாம் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்ப்பது எளிய வழி. முதல் சில நாள்களில் எத்தனை முறை கடித்துக்கொண்டிருந்தோம் என்று பார்த்தால் பெரும்பாலோர் அதிர்ந்துபோகிறார்கள்.

முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, எலும்போடு கூடிய கறி, இழுத்து மெல்ல வேண்டிய பரோட்டா, சூயிங்கம் ஆகியவற்றை இந்த வாரங்களில் ஒதுக்கிவிட்டு இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைய வடித்த சோறு என்று சாப்பிடலாம். கொய்யாவையும் ஆப்பிளையும் முழுதாகக் கடிக்காமல் நறுக்கிச் சாப்பிட வேண்டும். கன்னத்தில் 15 முதல் 20 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்த பின், நாக்கு நுனியை அண்ணத்திலிருந்து எடுக்காமல், அது அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் வாயை மெல்லத் திறந்து மூடுவதை ஆறு முறை செய்யுங்கள். நாளுக்குச் சில வேளைகள் இதைத் திரும்பச் செய்யலாம். கொட்டாவி வரும்போது மோவாய்க்கு அடியில் கை முஷ்டியை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். குப்புறப் படுப்பதும், தோளுக்கும் காதுக்கும் நடுவே கைப்பேசியை இடுக்கிப் பேசுவதும், மாலைக்குப் பின் காப்பியும், மதுவும் புகையும் தசைகளை மேலும் இறுக்குபவை. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் பல் அரைப்பதைத் தூண்டக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவற்றை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நாள்பட்ட தாடை மூட்டு வலிக்காகப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023 டிசம்பரில் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், மேற்பார்வையுடன் கூடிய தாடைப் பயிற்சி, பயிற்சியாளர் கையால் செய்யும் மூட்டு, தசைச் சிகிச்சைகள், மன அழுத்தத்தையும் வலியையும் கையாளும் உளவியல் பயிற்சி, வீட்டிலேயே செய்யும் பயிற்சியும் விளக்கமும் ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைத்தது. கழற்றக்கூடிய ஸ்பிளின்ட்களை, பயன் உறுதியாக நிறுவப்படாதவை என்ற அளவில், நிபந்தனையுடன் வேண்டாம் என்றது. பற்கள் சேரும் அமைப்பை நிரந்தரமாக மாற்றும் வகைகளை உறுதியாகவே மறுத்தது. எனவே ஸ்பிளின்டை முதல் மருந்தாக நினைக்கக் கூடாது. காலையில் எழும்போதே வலியும் இறுக்கமும் உச்சத்தில் இருப்பவர்கள், பற்கள் தேய்ந்தோ உடைந்தோ இரவில் அரைப்பது தெளிவாகத் தெரிபவர்கள், விலை கொடுத்துப் போட்ட ‘கேப்’களைக் காக்க வேண்டியவர்கள், மேலே சொன்னவற்றை ஒழுங்காகச் செய்தும் பாதி நிவாரணத்தோடு நிற்பவர்கள் ஆகியோருக்கு அது முயன்று பார்க்கத் தகுந்தது என்பேன். பகலில் மட்டும் கடிப்பவருக்கு இரவுத் தகடு பெரிதாக எதையும் செய்துவிடாது.

எந்த வகையைக் கேட்பது

ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடும், கடினமான அக்ரிலிக்கால் ஆன, எதிர்த் தாடைப் பற்கள் சமமாக வந்து அமரும்படி தட்டையான மேற்பரப்புக் கொண்ட ஸ்பிளின்டே பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராம்ஃபியோர்டு, ஆஷ் ஆகியோர் வகுத்த வடிவம் என்பதால் அதை மிச்சிகன் ஸ்பிளின்ட் என்பார்கள். பெரும்பாலும் மேல்தாடைக்குச் செய்யப்படுகிறது. கீழ்த்தாடையில் பற்கள் விழுந்து இடைவெளிகள் இருந்தால் அவற்றையும் ஈடுகட்டும்படி கீழ்த்தாடைக்கே செய்வார்கள். கடைவாய்ப் பகுதியில் அதன் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அது பற்களைப் பிரித்து வைக்கிறது, கடிக்கும் விசையைப் பல பற்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது, சிலருக்குத் தசைகளின் இறுக்கத்தைச் சில வாரங்களுக்கேனும் குறைக்கிறது, தேய்மானத்தைப் பல் எனாமலுக்குப் பதிலாகத் தானே ஏற்றுக்கொள்கிறது. நழுவிய வட்டை அது பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மென்மையான, ரப்பர் தன்மையுள்ள தகடுகள் மலிவானவை, ஒரே நாளில் கிடைப்பவை, முதல் இரவிலேயே வசதியாகவும் இருக்கும். ஆனால் மெத்தென்று இருப்பதாலேயே சிலர் அவற்றை மென்றுகொண்டே இருக்கிறார்கள். தசை வலி கூடிவிடுகிறது. மேற்பரப்பைத் துல்லியமாகத் திருத்தவும் முடியாது. பலமாக அரைப்பவருக்குச் சில மாதங்களில் ஓட்டை விழுந்துவிடும். இணையக் கடைகளில் விற்கும், வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிய வைக்கும் தகடுகளை, மருத்துவரைப் பார்க்கும் வரை ஓரிரு வாரம் பல்லைக் காக்கும் தற்காலிக ஏற்பாடாக மட்டும் கருதலாம்.

முன்பற்களில் மட்டும் மாட்டும் சிறிய கருவி வேறு வகை. கடைவாய்ப் பற்கள் தொடாததால் கடிக்கும் விசை குறைந்து, சிலருக்கு வலி விரைவாகத் தணிகிறது என்பது உண்மை. ஆனால் எதிரே தாங்கும் பொருள் இல்லாத பற்கள் மெல்ல மெல்ல மேலெழும்பும் இயல்புடையவை. நீண்ட நாள் அணிந்தால் முன்பற்கள் ஒன்றையொன்று தொட முடியாத திறந்த வாயமைப்பு உருவாகிவிடலாம். சிறியது என்பதால் தூக்கத்தில் விழுங்கும், மூச்சுக்குழலுக்குள் இழுக்கும் ஆபத்தும் உண்டு. தாங்கல் இல்லாத பல் மேலெழும்பிவிடும் என்ற அதே காரணத்தால், கடைசிக் கடைவாய்ப் பல்லை மூடாமல் விட்டுச் செய்யப்பட்ட எந்தத் தகட்டையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கீழ்த்தாடையை முன்னால் நகர்த்திப் பிடிக்கும் ஸ்பிளின்ட், மூட்டு அடிக்கடி சிக்கிக்கொண்டு வலிக்கும் சிலருக்கு மட்டும், குறுகிய காலத்துக்கு, அனுபவமுள்ளவரின் கண்காணிப்பில் தரப்பட வேண்டியது. இரவும் பகலும் மாதக்கணக்கில் அணிந்தால் தாடை பழைய இடத்துக்குத் திரும்பாமல், கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இடைவெளி நிலைத்துவிடக்கூடும்.

குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாதாரண மேல்தாடை ஸ்பிளின்ட் சிலருக்கு மூச்சுத்திணறலைக் கூட்டக்கூடும். பல் வரிசையைத் திருத்தும் கிளிப் சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்களுக்கும், பால்பற்கள் இன்னும் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கடினத் தகடு பொருந்தாது.

யாரிடம், எப்படிச் செய்துகொள்வது

செயற்கைப் பல் சீரமைப்பு, வாய் நோய் மருத்துவம், வாய் மற்றும் முக அறுவைச் சிகிச்சை ஆகியவற்றில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் இதில் பயிற்சி உள்ளவர்கள். சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இந்தத் துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒருவர் ஐயப்பட்டால் மற்றவரிடம் அனுப்ப முடியும் என்பது அதன் வசதி. முதல் பரிசோதனையில் மருத்துவர் தசைகளை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், வாய் திறக்கும் அளவை அளவுகோலால் அளந்து எழுத வேண்டும், மூட்டின் சத்தத்தைக் கேட்க வேண்டும். தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். வட்டின் நிலையைப் பார்க்க எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது மூட்டுப் பூட்டிக்கொண்டவர்கள் போன்ற சிலருக்கே.

அச்சு எடுப்பதற்கு முன்பே சொத்தைகளை அடைத்து, போட வேண்டிய கேப்களைப் போட்டு முடித்துவிடுங்கள். பிறகு போட்டால் பல்லின் வடிவம் மாறி, புதிய தகடு அதில் உட்காராது. அச்சை மாவு போன்ற பொருளைத் தட்டில் வைத்து எடுப்பார்கள், அல்லது வாய்க்குள் ஸ்கேனர் கருவியால் படம் பிடிப்பார்கள், இரண்டுமே சரிதான். கூடவே இரு தாடைகளும் எந்த நிலையில் சேர்கின்றன என்பதை மெழுகிலோ வேறு பொருளிலோ பதிவு செய்வார்கள். உங்கள் பற்களின் மாதிரியையோ ஸ்கேன் கோப்பையோ பத்திரப்படுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து ‘என் பற்கள் முன்பு போல் சேரவில்லையே’ என்ற ஐயம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆய்வகத்திலிருந்து வந்த தகட்டைப் பொருத்தும் நாள்தான் முழுச் சிகிச்சையிலும் முக்கியமானது. முதலில் அது பற்களின் மேல் சிக்கென்று அமர வேண்டும். மருத்துவர் ஒரு பக்கத்தை விரலால் அழுத்தும்போது மறுபக்கம் தூக்கிக்கொண்டு ஆடக் கூடாது. முதல் சில நிமிடங்கள் எல்லாப் பற்களிலும் மெல்லிய இறுக்கம் தெரிவது இயல்பு. ஒரே பல்லில் மட்டும் குத்துவது போல் இருந்தால் அங்கே உட்பக்கத்தைச் சுரண்ட வேண்டும். அடுத்து, தகட்டின் மேற்பரப்பைப் பஞ்சால் ஈரம் போகத் துடைத்து, மிக மெல்லிய வண்ணத் தாளை நடுவே வைத்து, பற்களை லேசாகத் தட்டச் சொல்வார். தகட்டில் விழும் புள்ளிகளைக் கண்ணாடியில் காட்டச் சொல்லி நீங்களே பாருங்கள். கடைவாய்ப் பகுதி முழுவதும், இருபுறமும், ஒவ்வொரு எதிர்ப்பல்லுக்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் ஒரு புள்ளி விழ வேண்டும். முன்பற்களின் புள்ளிகள் சற்று வெளிறியிருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் கருத்த, நடுவில் வெளுத்த வட்டமாக விழுந்திருந்தால் அங்கே முதலில் இடிக்கிறது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி துடைத்து, மறுபடி தட்டச் சொல்வார். பிறகு வேறு நிறத் தாளை வைத்துத் தாடையை இடப்புறமும் வலப்புறமும் முன்னும் நகர்த்தச் சொல்வார். அப்போது கோரைப்பற்களின் இடத்தில் மட்டும் கோடுகள் விழுந்து, பின்பற்கள் தகட்டை விட்டு விலக வேண்டும். இது முடிய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தாளே வைக்காமல், பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி, ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பினால், சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பாதி வேலையை வாங்கியிருக்கிறீர்கள். எழுவதற்கு முன் தேய்த்த இடங்கள் மீண்டும் மெருகேற்றப்பட்டனவா என்று நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பான இடம் நாக்கைப் புண்ணாக்கும்.

அணிவதும் பேணுவதும்

பல் துலக்கிய பின், தகட்டை நனைத்து, இரு கை விரல்களாலும் அழுத்திப் பொருத்துங்கள். கடித்துக் கடித்து உட்கார வைத்தால் விரிசல் விழும். கழற்றும்போதும் இரு பக்கமும் ஒரே நேரத்தில் கீழிறக்க வேண்டும். முதல் வாரத்தில் எச்சில் ஊறுவதும், வாய் நிறைந்திருப்பது போன்ற உணர்வும், தூக்கத்தில் அறியாமல் கழற்றிப் போட்டுவிடுவதும் சகஜம். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாட்டிக்கொண்டால் விரைவில் பழகும். சாப்பிடும்போது அணியக் கூடாது. மருத்துவர் தனியாகச் சொன்னாலொழிய பகலிலும் தேவையில்லை.

காலையில் எடுத்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, மென்மையான பிரஷால் சாதாரண சோப்புநீரைத் தொட்டுத் தேய்த்துவிடுங்கள். பற்பசையில் உள்ள சன்னமான துகள்கள் மேற்பரப்பில் கீறல் போட்டு, அழுக்குத் தங்க இடம் செய்துவிடும். வெந்நீர் தகட்டை வளைத்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தாலும் அதே கதிதான். பல் செட்டுக்கு விற்கும் மாத்திரையில் வாரம் ஒருமுறை ஊறவைக்கலாம். வெண்படிவம் பிடித்தால் நீர் கலந்த வினிகர் போதும். கடின அக்ரிலிக் தகட்டைச் சிறிது ஈரத்துடன் காற்றோட்டமுள்ள டப்பாவில் வைப்பது வழக்கம். எச்சில் வாசனைக்கு நாய்கள் இதைத் தேடி எடுத்துக் கடித்துவிடும் என்பதை நாய் வளர்க்கும் வீட்டார் நினைவில் கொள்ள வேண்டும்.

தகட்டைக் கழற்றிய சில நிமிடங்களுக்குப் பற்கள் சரியாகச் சேராதது போல் தோன்றும். அரை மணி நேரத்துக்குள் அது மறைந்துவிட வேண்டும். காலை உணவு வரையிலும் அது மறையாமல், நாளாக ஆக நேரம் நீண்டுகொண்டே போனால், அணிவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

முதல் மறுபரிசோதனை ஒன்று அல்லது இரண்டு வாரத்திலும், அடுத்தது ஒரு மாத அளவிலும், பிறகு மூன்றாம் மாதத்திலும் இருப்பது நல்லது. இறுகியிருந்த தசைகள் தளரும்போது கீழ்த்தாடை அமரும் நிலை சற்று மாறுகிறது. முதல் நாளில் சமமாக இருந்த புள்ளிகள் இப்போது ஒரு பக்கம் அழுத்தமாக விழும். அதைத் திருத்தாமல் விட்டால் நல்ல தகடும் கெட்ட தகடாகிவிடும். ஒவ்வொரு முறையும் தகட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வலியின் அளவையும், எத்தனை இரவுகள் அணிந்தீர்கள் என்பதையும் குறித்து வைத்திருந்தால் மருத்துவர் முடிவெடுப்பது எளிதாகும். வலி திடீரெனக் கூடும் நாள்களில் மருத்துவர் சொல்லும் வலிநிவாரணியைச் சில நாள்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பலன் இல்லாவிட்டால், பலன் கிடைத்துவிட்டால்

ஒழுங்காக அணிந்தும் மூன்று மாதத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் இரண்டாவது ஸ்பிளின்ட் செய்வதில் பொருளில்லை. நோயறிதலையே மறுபடி பார்க்க வேண்டும். கழுத்துத் தசைகள், தூக்கமின்மை, ஒற்றைத் தலைவலி, உடல் முழுவதும் பரவிய வலி நோய்கள், முடக்குவாதம் ஆகியவை அப்போது கணக்கில் வர வேண்டியவை. பூட்டிக்கொண்ட மூட்டு பயிற்சிக்கு இளகாவிட்டால், ஊசி வழியாக மூட்டைக் கழுவும் சிறு சிகிச்சையை அறுவை மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

இந்தக் கட்டத்தில் நோயாளியின் முன் வைக்கப்படும் ஒரு யோசனையைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ‘ஸ்பிளின்ட் போட்டதும் வலி குறைந்தது, ஆகவே உங்கள் பற்கள் சேரும் அமைப்பில்தான் கோளாறு, பற்களைத் தேய்த்துச் சமன் செய்துவிடலாம், அல்லது எல்லாப் பற்களுக்கும் கேப் போட்டு உயர்த்திவிடலாம்’ என்பார்கள். முதல் பாதி உண்மையாக இருந்தாலும் இரண்டாம் பாதி அதிலிருந்து பின்தொடராது. ஓய்வும், காலமும், பகலில் விட்ட பழக்கங்களும்கூட வலியைக் குறைத்திருக்கும். தேய்த்த எனாமல் திரும்ப வளராது. உடைந்த பல்லுக்கு, சொத்தை விழுந்த பல்லுக்குக் கேப் போடுவது வேறு விஷயம். தாடை வலிக்காக மட்டும் நல்ல பற்களில் கை வைக்கச் சொன்னால், வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வலி அடங்கிச் சில வாரங்கள் ஆன பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு இரவு என்று குறைத்துப் பார்க்கலாம். குறைக்கும்போதும் காலையில் தாடை இலகுவாகவே இருந்தால் கழற்றி வைத்துவிட்டு, தேர்வு, வேலைப் பளு, குடும்பக் கவலை என்று இறுக்கம் திரும்பும் காலங்களில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பற்களைக் காப்பதற்காக அணிபவர்கள் தொடர்ந்து அணிய வேண்டியிருக்கும். அவர்கள் ஆண்டுக்கொருமுறையாவது தகட்டைக் காட்டித் தேய்மானத்தையும் விரிசலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் புதிய கேப்போ அடைப்போ போட நேர்ந்தால், அந்தச் சந்திப்புக்கே தகட்டையும் கொண்டுபோய் உட்பக்கத்தைத் திருத்தி வாங்குங்கள். பல வாரங்கள் அணியாமல் வைத்திருந்த தகடு இறுக்கமாக இருந்து முழுதாக உட்கார மறுத்தால், பற்கள் சற்று நகர்ந்திருக்கும். அதை அழுத்தித் திணிக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.